லீவில் ஆய்வகம், கையில் உதவித்தொகை: கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு கோடை பயிற்சி

மாட்டு டாக்டர் என்றால் ஊசி போடுவதும், கன்று ஈனும்போது பிரசவம் பார்ப்பதும்தான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ஊசி மருந்தைக் கண்டுபிடிப்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

1978-ல் பார்வோ வைரஸ் நோய் பல நாடுகளில் பரவியது. ரத்தமாகக் கழிந்து நாய்க்குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் லேலண்ட் கார்மைக்கேல், மேக்ஸ் ஆப்பெல் ஆகியோர் இதற்கு தடுப்பூசி உருவாக்கினர்.

இப்படி ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கத்தான் கோடை பயிற்சி நடத்தப்படுகிறது. அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் 4 ஆண்டு படிப்பு. பலருக்கு கல்விக்கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விடும். லீவு விட்டதும் சம்பளத்துக்கு ஓட வேண்டிய நிலை. உதவித்தொகை இல்லை என்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆய்வகம் பக்கமே வர முடியாது.

போரிங்கர் இங்கெல்ஹைம் மருந்து நிறுவனத்தின் பெயரில் நடக்கும் பயிற்சி திட்டம் 1989-ல் தொடங்கியது. மாணவர்கள் 10 முதல் 12 வாரம் பேராசிரியர் ஒருவரிடம் சேர்ந்து, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடுவார்கள். உதவித்தொகையும் உண்டு. முடிவில் தேசிய கருத்தரங்கில் போஸ்டர் வைத்து விளக்க வேண்டும்.

கார்னெல் தனியாக நடத்திவரும் கோடை பயிற்சியில் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து படித்திருக்கிறார்கள்.

இதுபோன்ற பயிற்சிகளுக்கு பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். லீவு விட்ட பிறகு போய் கேட்டால் இடம் இருக்காது.