கல்லில் ஏறிய கணக்கு

1756 ஜூன் 20 இரவு, கல்கத்தாக் கோட்டையைக் கைப்பற்றிய நவாப் சிராஜ் உத்தௌலாவின் வீரர்கள் 146 பேரைச் சிற்றறை ஒன்றில் அடைத்தனர் என்றும், விடியலில் 23 பேரே உயிருடன் மீண்டனர் என்றும் எழுதிவைத்தவர், பிழைத்தவர்களுள் ஒருவரான ஹால்வெல். அறையோ ஏறத்தாழ 18 அடிக்கு 15 அடி. ஆளுக்கு இரண்டு சதுர அடிகூடத் தேறாது. வங்க வரலாற்றறிஞர் அட்சயகுமார் மைத்ரேயர் இக்கதையை ஐயுற்றார். மரணங்கள் நிகழ்ந்தன, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிவு.

அம்மரணங்களை நாம் மறுக்கவில்லை. எவருடைய சாவு கல்லில் ஏறுகிறது என்றே கேட்கிறோம். ஹால்வெல் எழுப்பிய நினைவுத்தூண் அகற்றப்பட்டு நெடுங்காலம் கழிந்தபின், 1902இல் கர்சன் பிரபு புதிய தூணை நிறுவினார். ஆள வந்ததற்கான நியாயம் அக்கல்லில் இருந்தது. 1940இல் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த கிளர்ச்சிக்குப் பிறகே அது தேவாலய வளாகத்துக்குள் ஒதுங்கியது.

1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்க மக்களில் மூன்றிலொரு பங்கினரேனும் மாண்டனர் என்று 1772இல் எழுதியவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1771இன் நிகர வரிவசூல் 1768ஐயும் விஞ்சியதை அதே கடிதத்தில் குறித்தவரும் அவரே. அந்த மூன்றிலொரு பங்கினருக்குக் கர்சன் தூண் நடவில்லை. அவர்கள் எஞ்சியிருப்பது வரிக்கணக்கின் ஓரத்தில்தான். அங்கிருந்தே நாம் வாசிக்கத் தொடங்கவேண்டியிருக்கிறது.