நிறுத்துவதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று: ஹாண்ட்பிரேக்கின் கதை

வாகனத்தின் பிரேக் என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் மிதிப்பதுதான். ஓடுகின்ற வாகனத்தை நிறுத்துவது அதன் பணி. நிறுத்திய வாகனத்தை நின்ற இடத்திலேயே நிற்கச் செய்வதற்கு மற்றொன்று இருக்கிறது. ஹாண்ட்பிரேக் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறிய நெம்புகோலைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. கால் பிரேக் தேய்ந்தால் சத்தமிடும். மிதி கீழே போகும். சாரதி அன்றைக்கே கராஜுக்குப் போவார். ஹாண்ட்பிரேக் தேய்ந்தாலோ நெம்புகோல் முன்னரை விட இரண்டு பல் கூடுதலாக மேலே வரும், அவ்வளவுதான். சரிவான வீதியொன்றில் சாரதியில்லாத வாகனம் மெல்ல நகரத் தொடங்கும்போதுதான் அது தேய்ந்த செய்தி வெளியே வருகிறது.

காட்டு வழியிலும் தோட்டத்து மண் பாதையிலும் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஜீப், லாண்ட் ரோவர் போன்ற வாகனங்களில் இந்த பிரேக்குக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. சாதாரணக் காரில் ஹாண்ட்பிரேக் பின்சில்லுகளைப் பிடிக்கிறது. இவற்றில் அது சில்லுகளை நேரடியாகப் பிடிப்பதில்லை. ஏன் அவ்வாறு அமைந்தது, அதனால் விளைந்த நன்மையும் ஆபத்தும் யாவை என்பதை அறிந்துகொள்வது, பழைய லாண்ட் ரோவரின் கீழே படுத்து வேலை செய்கின்ற எவருக்கும் உயிர் காக்கும் அறிவாகும்.

மோட்டார் வாகனம் வருவதற்கு முன்னர் குதிரை வண்டிகளில் மரக்கட்டை ஒன்று சில்லின் விளிம்பை அழுத்தியது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையின் மீது பழைய சப்பாத்துத் தோலை வைத்துப் பிடிப்பை அதிகரித்தனர் என்றும், அதனைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் புதிய பிரேக் கட்டைகளைச் செய்யத் தொடங்கினார் என்றும் ஃபெரோடோ நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. ஃப்ரூட் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்ததனால் பிறந்த பெயரே ஃபெரோடோ. பருத்தித் துணியில் தொடங்கிய அந்த லைனிங், வெப்பத்தைத் தாங்க வேண்டிய தேவையினால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்நாருக்கு, அதாவது அஸ்பெஸ்டோஸுக்கு மாறியது. இந்த மாற்றத்தின் விலையைப் பின்னர் காண்போம்.

ஆரம்பகால மோட்டார் கார்களில் இரண்டு பிரேக்குகளுக்கும் இன்றுள்ள வேலைப் பகிர்வு இருக்கவில்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்ட் மொடல் டி காரை எடுத்துக்கொள்வோம். அதன் கால் பிரேக் கியர் பொக்ஸுக்குள் இருந்த ஒரு பட்டையை இறுக்கியது; கை நெம்புகோல்தான் பின்சில்லுகளைப் பிடித்தது. எஞ்சினிலிருந்து சில்லுக்குச் செல்லும் வழியில் எங்கேனும் ஓரிடத்தைப் பிடித்தால் சில்லும் நின்றுவிடும் என்ற எண்ணம் பொறியியலாளருக்கு முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு இது சான்று. பின்னர் வந்த கார்களில் நான்கு சில்லுகளுக்கும் கால் பிரேக் வந்தபோது இந்த வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அது வேறோர் இடத்தில் உயிர் வாழ்ந்தது.

அந்த இடம் போர்க்களம். 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் இலகுவான நாற்சில்லு இயக்க வாகனம் ஒன்றைக் கேட்டது. 49 நாட்களில் மாதிரி வாகனம் வேண்டும் என்பது நிபந்தனை. அதிலிருந்து உருவான ஜீப்பை 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்து குவித்தன. ஜீப்பின் ஹாண்ட்பிரேக், ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்புறத்தில், பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பலர் ஷாப்ட் தொடங்குமிடத்தில் இருந்தது. ஒரு சிறிய டிரம்மை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கும் பட்டை அது. செய்வதற்கு எளிது, மாற்றுவதற்கும் எளிது. ஆனால் பட்டை வெளியே திறந்திருந்தமையால் சேறும் தண்ணீரும் தாராளமாக உட்புகுந்தன.

போர் முடிந்த பின்னர், பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தமது நிலத்தில் இத்தகைய போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அதற்குப் பதிலாக நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்று எழுந்த எண்ணமே லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெற்று அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. ஹாண்ட்பிரேக்கின் இடத்தை வில்க்ஸ் மாற்றவில்லை. வெளியே சுற்றிய பட்டைக்குப் பதிலாக, டிரம்மின் உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து பிடிக்கும் அமைப்பு வந்தது. இதே அமைப்பு, டிஃபென்டர் என்ற பெயரில் அந்த வாகனத்தின் உற்பத்தி 2016 ஜனவரி 29இல் முடிவடையும்வரை, 68 ஆண்டுகள் நீடித்தது.

இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு கணக்கு காரணம். பழைய லாண்ட் ரோவரில் புரொப்பலர் ஷாப்ட் 4.7 முறை சுற்றினால்தான் சில்லு ஒருமுறை சுற்றும். ஷாப்டைப் பிடிக்கின்ற பிடி, சில்லுக்கு வரும்போது 4.7 மடங்காகப் பெருகுகிறது என்பது இதன் மறுபக்கம். சுமையுடன் 1,500 கிலோ எடையுள்ள வாகனம், 100 அடிக்கு 20 அடி ஏறும் சரிவில் நிற்கிறது என்று கொள்வோம். அதனைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமம். அதனைச் சில்லில் தடுப்பதற்கு வேண்டிய முறுக்கு விசையில் ஐந்திலொரு பங்கைவிடச் சற்று அதிகம் ஷாப்டில் கிடைத்தாலே போதும். கை வலுவினால் மட்டும் இயங்கும் ஒரு சிறிய டிரம், மலைச்சரிவில் ஒரு லாண்ட் ரோவரைத் தாங்கி நின்ற இரகசியம் இதுதான். மேலும் சேற்றிலும் ஆற்றிலும் மூழ்கும் சில்லுகளிலிருந்து விலகி, உயரத்தில் அது பாதுகாப்பாகவும் இருந்தது.

இனி மறுபக்கம். ஹாண்ட்பிரேக்கின் பலம் எந்த இடத்திலிருந்து வந்ததோ, பலவீனமும் அதே இடத்திலிருந்து வந்தது.

முதலாவது, ஒயில். டிரம்முக்கு நேர் பின்னால் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் ஒயில் சீல் இருக்கிறது. அந்த சீல் பழுதடைந்து ஒயில் கசிந்தால் அது நேரே ஷூக்களின் மீதே விழும். லைனிங் தேயாமலே பிடிப்பு போய்விடும். சீலை மாற்றாமல் புதிய ஷூ மட்டும் போடுபவர் தமது பணத்தை ஒயிலில் போடுகிறார்.

இரண்டாவது, பழக்கம். இந்த பிரேக் நிற்பதற்காகச் செய்யப்பட்டது, நிறுத்துவதற்காக அன்று. ஓடும் வாகனத்தில் அதனை இழுத்தால் முழு அதிர்ச்சியும் புரொப்பலர் ஷாப்டிலும் டிபரென்ஷியலிலும் அச்சுகளிலும் இறங்கும். அதனை விடுவிக்க மறந்து ஓட்டினாலோ, சில்லை விட 4.7 மடங்கு வேகமாகச் சுற்றும் டிரம்மில் லைனிங் மிக விரைவாகக் கருகித் தேய்ந்துவிடும்.

மூன்றாவதுதான் உயிராபத்தானது. டிபரென்ஷியல் என்பது ஒரே அச்சிலுள்ள இரண்டு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடமளிக்கும் அமைப்பு. ஷாப்டைப் பூட்டி வைத்தாலும், ஒரு சில்லு முன்னே சுற்றினால் மற்றது பின்னே சுற்ற முடியும். இரண்டும் தரையில் இருக்கும்வரை இது நிகழாது. பின்சில்லு ஒன்றை ஜாக்கியில் உயர்த்திய கணமே நிலைமை மாறுகிறது. தரையிலுள்ள சில்லு உருள, காற்றிலுள்ள சில்லு எதிர்த்திசையில் சுற்ற, ஹாண்ட்பிரேக் முழுவதும் இழுபட்டிருக்கும்போதே வாகனம் ஜாக்கியிலிருந்து சரியும். நான்கு சில்லு இயக்கத்தைப் பூட்டி வைத்தால் முன் அச்சும் துணைக்கு வரும் என்பது உண்மையே. ஆயினும் சில்லுக்கு முன்னும் பின்னும் வைக்கும் முட்டுக்கட்டைக்கு அது ஈடாகாது. லாண்ட் ரோவரில் எப்போதும் ஒரு மரக்கட்டையையோ கல்லையோ வைத்திருந்த பழைய சாரதிகள் பொறியியல் படித்தவர்களல்லர். ஆனால் டிபரென்ஷியலின் குணத்தை அறிந்திருந்தனர்.

தேய்ந்த ஷூக்களை மாற்றும் வேலை கடினமானதன்று. புரொப்பலர் ஷாப்டின் நான்கு நட்டுகளைக் கழற்றி ஷாப்டை விலக்க வேண்டும். டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்து டிரம்மை இழுக்க வேண்டும். ஸ்பிரிங்குகளுடன் பழைய ஷூக்களை அகற்றிப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். பின்னர் அட்ஜஸ்டரை டிரம் இறுகும்வரை திருகி, இரண்டு கிளிக் பின்னே விட வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஷாப்டைக் கழற்றிய நொடியிலிருந்து அந்த வாகனத்துக்கு ஹாண்ட்பிரேக் என்று ஒன்று இல்லை. பிரேக்கைத் திருத்துவதற்காகக் கீழே படுத்திருப்பவரைக் காப்பது சமதரையும் முட்டுக்கட்டைகளும் மட்டுமே.

அடுத்தது தூசு. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டோஸ் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் உள்ளேயிருக்கும் கரிய பொடியைக் காற்றுக் குழாயினால் ஊதித் தள்ளுவது நமது கராஜுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். அந்த இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்க 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனாலேயே காரணமும் விளைவும் ஒருசேர எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஃப்ரூட் பிறந்த பிரித்தானியாவே 1999இல் அஸ்பெஸ்டோஸை முற்றாகத் தடை செய்தது. எந்தக் காலத்து லைனிங் என்று தெரியாத பழைய வாகனத்தில் பொடியை ஊதாமல், நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி அகற்றுவதே அறிவுடைமை.

ஷாப்டைப் பிடிக்கும் இந்தப் பழைய எண்ணம் லாண்ட் ரோவருடன் முடிந்துவிடவில்லை. 1988இல் கவாசாகி மியூலும் 1998இல் போலாரிஸ் ரேஞ்சரும் வந்த பின்னர், பண்ணைகளிலும் காடுகளிலும் ஓடும் யூ.டி.வி. என்ற சிறுவாகன வகை உலகெங்கும் பரவியது. இவ்வகையில் சிலவற்றில் கியர் பொக்ஸுக்கு அருகிலோ ஷாப்டிலோ உள்ள ஒரு தட்டைக் கேபிளால் இயங்கும் காலிப்பர் பிடிக்கிறது. ஷூவுக்குப் பதிலாக இரண்டு சிறிய பாட்கள். மாற்றுவதற்கு எளிது, விலையும் அதிகமில்லை. அவை தேய்வதற்கான பெருங்காரணமோ பழையதுதான்: பிரேக்கை விடுவிக்க மறந்து ஓட்டுவது.

புதிய தலைமுறை வாகனங்களில் நெம்புகோலே மறைந்துவருகிறது. 2004இன் டிஸ்கவரி 3இல் ஹாண்ட்பிரேக் மின்மோட்டாரால் இயங்கிப் பின்சில்லுகளைப் பிடித்தது. 2019இல் அறிமுகமான புதிய டிஃபென்டரும் அதே வழியில் சென்றது. ஆனால் நிற்கும் வாகனம் உருளும் ஆபத்து மறைந்துவிடவில்லை. 2016 ஜூன் 19ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில், 27 வயதான நடிகர் அன்டன் யெல்சின், வீட்டு வாசலின் சரிவில் உருண்டுவந்த தமது ஜீப் கிராண்ட் செரோக்கியில் நசுங்கி உயிரிழந்தார். அவ்வகைக் கியர் நெம்புகோலின் குழப்பமான அமைப்புக்காக, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே 11 இலட்சம் வாகனங்கள் மீள அழைக்கப்பட்டிருந்தன. அங்கே தேய்ந்த லைனிங் காரணமன்று. எனினும், வாகனம் நின்றுவிட்டது என்று நாம் நம்புவதும் அது உண்மையில் நிற்பதும் வேறு வேறு என்பதை உலகம் அன்று மீண்டும் கண்டது.

நமது நாட்டில் பழைய வாகனங்கள் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள்ளிருந்த வடக்கில் மண்ணெண்ணெயில் கார்கள் ஓடியதைக் கண்ட தலைமுறை நாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய ஜீப்புகளும் லாண்ட் ரோவர்களும் முன்னெப்போதையும் விட மதிப்புப் பெற்றன. எஞ்சினுக்கும் வர்ணத்துக்கும் இலட்சக்கணக்கில் செலவிடும் உரிமையாளர்கள், நெம்புகோல் எத்தனை பல் மேலே வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு சோடி ஷூ, ஓர் ஒயில் சீல், இரண்டு முட்டுக்கட்டைகள். அந்த வாகனத்தில் இவற்றைவிட மலிவான பொருட்கள் அதிகமில்லை. இவற்றை நம்பிக் கீழே படுத்திருப்பவரைவிடப் பெறுமதியானது எதுவுமில்லை.