ஆகச் சிறந்த திரைப்படம்: விமர்சகர் தேர்வும் மறுப்புகளும்

உலக சினிமாவின் ஆகச் சிறந்த படம் எது என்று விமர்சகர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதும், அந்தத் தேர்வை இயக்குநர்களும் பார்வையாளர்களும் சக விமர்சகர்களும் மறுப்பதும் எழுபது ஆண்டுகளாகத் தொடரும் விவாதம். இதன் மையத்தில் இருப்பது பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் வாக்கெடுப்பு. இதுவரை நடந்த எட்டு வாக்கெடுப்புகளில் நான்கு படங்களே முதலிடம் பெற்றுள்ளன: விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941), ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958), ஷாந்தால் ஆக்கர்மானின் 'ழான் டீல்மன்' (1975).

வாக்கெடுப்பு முறை

அழைக்கப்படும் விமர்சகர் ஒவ்வொருவரும் பத்துப் படங்களைக் குறிப்பிடலாம். அவற்றுள் முதலாவது, பத்தாவது என்ற தரவேறுபாடு இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கு. அதிகப் பட்டியல்களில் இடம்பெற்ற படம் முதலிடம் பெறும்.

இந்த முறையைப் புரிந்துகொண்டால் முடிவின் உண்மையான எடை தெரியும். 1952இல் 63 விமர்சகர்கள் பங்கேற்றனர். 'பைசைக்கிள் தீவ்ஸ்' 25 வாக்குகள் பெற்றது. 2002இல் 145 பேரில் 46 பேர் 'சிட்டிசன் கேன்' படத்தைக் குறிப்பிட்டனர். 2012இல் 846 பேரில் 191 பேர் 'வெர்டிகோ'வைத் தேர்ந்தெடுத்தனர். 2022இல் 1,639 பேரில் 215 பேர் 'ழான் டீல்மன்' படத்தைச் சொன்னார்கள். ஐந்தில் இரண்டு பங்காக இருந்த ஆதரவு எட்டில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. முதலிடம் பெற்ற படத்தைத் தம் பத்தில் சேர்க்காதவர்களே ஒவ்வொரு முறையும் பெரும்பான்மை. ஆகவே 'விமர்சகர்களின் தீர்ப்பு' என்று ஒன்றை எதிரே நிறுத்திக்கொண்டு மறுப்பவர், உண்மையில் பெரும்பாலான விமர்சகர்களின் பக்கமே நிற்கிறார்.

'சிட்டிசன் கேன்'

1952இல் முதல் பத்தில்கூட இல்லாத இப்படம் 1962 முதல் 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் முதலிடத்தில் இருந்தது. வெல்ஸ் இதை எடுத்தபோது அவருக்கு வயது 25. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட், படத்தின் நாயகன் தன்னைக் குறிப்பதாகக் கருதித் தன் நாளிதழ்களில் அதற்கு இடமில்லாமல் செய்தார். ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதைக்கான விருது மட்டுமே கிடைத்தது. சிறந்த படத்துக்கான விருது ஜான் ஃபோர்டின் 'ஹவ் க்ரீன் வாஸ் மை வேலி'க்குப் போனது.

இப்படத்தின் பெருமை எங்கே இருக்கிறது என்பதை ஒரு காட்சியே காட்டிவிடும். பனி சூழ்ந்த வீட்டுக்குள் ஒரு தாய் தன் மகனை வங்கியாளர் ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். அவளும் வங்கியாளரும் கேமராவுக்கு அருகில் மேசையில். எதிர்ப்புத் தெரிவிக்கும் தந்தை சற்றுப் பின்னே. சன்னலுக்கு வெளியே, தன் தலையெழுத்து மாறுவதை அறியாமல் பனியில் விளையாடும் சிறுவன். கிரெக் டோலண்டின் டீப் ஃபோகஸ் ஒளிப்பதிவில் மூன்று தளங்களும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிகின்றன. எதைப் பார்ப்பது என்பதை இயக்குநர் வெட்டிக் காட்டாமல் பார்வையாளரிடமே விடுகிறார்.

மறுப்பும் தொடக்கத்திலிருந்தே உண்டு. இது பிரெஞ்சு சினிமாவுக்கு முன்மாதிரி ஆகாது என்று 1945இல் தத்துவவாதி ழான்-பால் சார்த்ர் எழுதினார். அதற்கு எதிராக 1947இல் இப்படத்தின் தொழில்நுட்பத்தை விரிவாக ஆராய்ந்து விமர்சகர் ஆந்த்ரே பஸான் வாதாடினார்; பின்னாளில் படம் பெற்ற மதிப்புக்கு அக்கட்டுரை முக்கியமான அடித்தளம். 1971இல் விமர்சகர் பாலின் கேல் 'நியூ யார்க்கர்' இதழில், திரைக்கதையின் பெருமை வெல்ஸின் இணைத் திரைக்கதையாசிரியர் ஹெர்மன் மான்கவிட்ஸுக்கே உரியது என்று வாதிட்டார். இயக்குநர் பீட்டர் போக்தானோவிச் மறுத்து எழுதினார். இயக்குநர் இங்மர் பெர்க்மன் இப்படத்தைச் சலிப்பூட்டுவது என்றே கடைசிவரை கருதினார்.

திரட்டுத் தளமான ராட்டன் டொமேட்டோஸில் நூறு சதவீதத்துடன் இருந்த இப்படம், 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழின் 1941ஆம் ஆண்டு எதிர்மறை விமர்சனம் ஒன்று 2021இல் தொகுப்பில் சேர்க்கப்பட்டதும் 99 சதவீதத்துக்கு இறங்கியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு மறுப்பு மீண்டும் எண்ணிக்கையில் ஏறியது.

மதிப்பு ஏறியதும் இறங்கியதும்

விமர்சகர்களின் பார்வை நிலையானதல்ல. 1952இல் முதலிடம் பெற்ற 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1972இல் முதல் பத்திலேயே இல்லை. அந்தோனியோனியின் 'லவெஞ்சுரா' 1960 கான் விழாவில் கூச்சலிட்டுக் கேலி செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் விமர்சகர்களின் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது.

'வெர்டிகோ' வெளியானபோது கலவையான வரவேற்பையே பெற்றது. 1970களில் ஹிட்ச்காக் அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிவைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1983இல் மீண்டும் திரைக்கு வந்தது. 1982இல் ஏழாவது, 1992இல் நான்காவது, 2002இல் இரண்டாவது, 2012இல் முதலாவது என்று முப்பது ஆண்டுகளில் படிப்படியாக ஏறியது. விமர்சகர் ராபின் வுட் 1965இல் எழுதிய ஹிட்ச்காக் பற்றிய நூல் போன்ற ஆய்வுகளும், 1996இல் செய்யப்பட்ட புதுப்பிப்பும் இதற்குத் துணைநின்றன.

'ழான் டீல்மன்' சர்ச்சை

2022 முடிவு இவ்வரலாற்றில் மிகக் கடுமையான மறுப்பைச் சந்தித்தது. முந்தைய வாக்கெடுப்பில் முப்பதுக்குப் பின்னே இருந்த படம் நேராக முதலிடத்துக்கு வந்தது. பெண் இயக்குநர் ஒருவரின் படம் முதலிடம் பெற்றது இதுவே முதல்முறை. 'டாக்ஸி டிரைவர்' திரைக்கதையாசிரியர் பால் ஷ்ரேடர், படத்தை மதித்தபோதும், 'அரசியல் சரித்தன்மை' பார்க்கும் போக்கு முடிவைத் திரித்துவிட்டது என்று குற்றம் சாட்டினார். வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானது இச்சந்தேகத்துக்கு வலுச்சேர்த்தது.

படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். புரூசெல்ஸ் நகரில் மகனுடன் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்களைக் காட்டுகிறது. அவள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கட்டிலைச் சரிசெய்கிறாள். பிற்பகலில் பணத்துக்காக ஆண்களை ஏற்கிறாள். கேமரா நகர்வதில்லை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். அவளாக நடிக்கும் டெல்ஃபின் செய்ரிக்கின் முகத்தில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒழுங்கு குலைந்துவிட்டது என்பதைப் பார்வையாளர் உடலால் உணர்கிறார். முந்தைய ஒரு மணி நேரப் பொறுமை இல்லாமல் அந்த அதிர்ச்சி சாத்தியமில்லை. எதுவும் நடக்காத படம் என்ற புகாருக்கு இக்காட்சியே பதில். ஆக்கர்மானும் இதை 25 வயதுக்குள் எடுத்து முடித்தார்.

இயக்குநர், பார்வையாளர் தேர்வுகள்

இயக்குநர்களுக்கெனத் தனி வாக்கெடுப்பு 1992இல் தொடங்கியது. 1992இலும் 2002இலும் அவர்களும் 'சிட்டிசன் கேன்' படத்தையே தேர்ந்தனர். 2012இல் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யையும், 2022இல் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யையும் முன்வைத்தனர்.

ஐஎம்டிபி தளத்தின் பார்வையாளர் பட்டியலில் 2008 முதல் முதலிடத்தில் நிலைத்து நிற்பது 'தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' (1994). விமர்சகர்களின் 2022 முதல் நூறில் அது இல்லை. இந்த இடைவெளியை ரசனை வேறுபாடு மட்டும் விளக்காது. ஐஎம்டிபியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரப்படுவதால், பலருக்குப் பிடித்து யாருக்கும் பிடிக்காமல் போகாத படம் மேலே வரும். விமர்சகர் வாக்கெடுப்பில் வெறுப்புக்குக் கணக்கே இல்லை; சிலர் உயிராக நேசித்தால் போதும். இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

இந்தியப் படங்கள்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1992இல் விமர்சகர்களின் முதல் பத்தில் இடம்பெற்றது. 2022இல் முதல் நூறில் இருந்த ஒரே இந்தியப் படமும் அதுவே. மணி ரத்னத்தின் 'நாயகன்' (1987) 'டைம்' இதழ் 2005இல் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதைத் தொகுத்தவர்கள் ரிச்சர்ட் கோர்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரு விமர்சகர்களே. வாக்காளர் யார் என்பது முடிவை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மதிப்பீடு

இப்பட்டியல்களைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு. வெறும் மேட்டிமை என்று ஒதுக்குவதும் தவறு. திரையரங்கை விட்டுப் போன ஒரு பழைய படத்தைப் புதிய தலைமுறையின் கண்ணுக்குக் கொண்டுவருவதே இவற்றின் பெரும்பயன். 2022க்குப் பிறகு ஆக்கர்மானின் பெயரையே முதன்முறை கேட்டவர்கள் ஏராளம். 2012, 2022 வாக்கெடுப்புகளில் ஒவ்வொருவரும் அளித்த பத்துப் படங்களும் பெயருடன் வெளியிடப்பட்டுள்ளன. கூட்டுப் பட்டியலைவிட அவற்றைப் படிப்பதே அதிகப் பயன் தரும். யார், எதை, எதன் பக்கத்தில் வைத்தார் என்பது அங்கே தெரியும். விமர்சகரோடு முரண்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த முரண்பாட்டுக்கு மதிப்பு வருவது, மறுக்கும் படத்தை முழுவதுமாகப் பார்த்து, தன் தேர்வுக்கான காரணத்தையும் காட்சி காட்சியாக எடுத்துச் சொல்லும்போதுதான். சார்த்ருக்கு பஸான் எழுதிய பதில் இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம் அதுவே.