கைக்குள் அடங்கும் குட்டி... 6 அடி வரை வளரும்! இகுவானா வாங்கும் முன் இதைப் படிங்க

கடையில் பார்க்கும்போது உள்ளங்கையில் உட்காரும் பச்சைக் குட்டி. நல்லா வளர்ந்தால் வால் நுனி வரை 5 முதல் 6 அடி நீளம். ஆயுள் 15 ஆண்டுகளைத் தாண்டும். இகுவானா வாங்குவோர் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

உடும்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. நம்ம ஊர் உடும்பு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இதற்கும் சட்டம் உண்டு. 2024-ல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் இல்லாத குட்டியை வாங்காதீர்கள்.

கூண்டு எப்படி இருக்கணும்?

இது மரத்தில் வாழும் பிராணி. அதனால் உயரம் முக்கியம். வளர்ந்த இகுவானாவுக்கு 6 அடி உயரம், 6 அடி நீளம், 3 அடி அகலமாவது வேண்டும். உள்ளே ஏறிப் படுக்க தடிமனான கிளைகள் வையுங்கள். தரையில் மணல் வேண்டாம், விழுங்கிவிடும். பழைய செய்தித்தாள் போதும்.

வெயில் காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ், மற்ற இடங்களில் 26 முதல் 30 டிகிரி, இரவில் 24 டிகிரிக்குக் குறையாமல் இருக்கணும்.

கரிசல் பூமியில் என்ன சிக்கல்?

கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள இளையரசனேந்தலை எடுத்துக்கொள்வோம். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஈரப்பதத்துக்குத்தான். இகுவானாவுக்குச் சுமார் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். கோடையில் தினமும் சில முறை தண்ணீர் தெளிக்கணும். உடல் நனைய ஒரு அகலமான தொட்டியும் வேண்டும். மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் தரும் விளக்கு தேவைப்படும்.

எலும்புக்குத் தேவையான புற ஊதா பி கதிர் நேரடி வெயிலில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும், இகுவானா செத்தே போகலாம். கம்பி வலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி வையுங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் யுவிபி விளக்கு தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியணும்.

என்ன சாப்பிடும்?

இகுவானா முழு சைவம். தட்டில் பெரும்பகுதி இலைதான்.

• தினமும்: முருங்கைக் கீரை, அகத்தி, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும்
• கூடவே: பூசணி, பீன்ஸ், வெண்டை (பொடியாக நறுக்கி)
• எப்போதாவது: பப்பாளி, அத்திப்பழம்
• குறைவாக: பாலக், முட்டைக்கோஸ்
• கூடவே கூடாது: முட்டை, கறி, நாய்த் தீவனம், சோறு, இட்லி

"புரோட்டீன் நல்லதுதானே" என்று முட்டை கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பருத்திக் காட்டு ஓரத்தில் பறித்த இலையில் பூச்சிமருந்து இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

தாடை மென்மையாவது, கால் வளைவது, உடல் நடுங்குவது மூன்றும் கால்சியம் குறைவின் அறிகுறிகள். தவறான உணவும் வெளிச்சக் குறைவுமே பெரும்பாலும் காரணம். எல்லா கால்நடை மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பார்ப்பார்களா என்று வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இகுவானா உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பதே நல்லது.

6 அடிக் கூண்டுக்கு இடமும் 15 வருஷத்துக்குப் பொறுமையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வளர்க்க முடியவில்லை என்று கண்மாய்க் கரையில் விடுவது அந்த உயிருக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து.