இந்தியாவின் கோவிட்-19 பரிசோதனை ஆய்வகங்கள்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஒப்புதலுடன் இயங்கிய அரசு, தனியார் ஆய்வகங்களின் தொகுதி இது. 2020 ஜனவரியில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மட்டுமே இப்பரிசோதனையைச் செய்தது. ஜூன் பிற்பகுதியில் ஆய்வகங்கள் 1,000 ஆயின. அவற்றில் 730 அரசுடையவை, 270 தனியாருடையவை. ஏற்கெனவே இருந்த ஆய்வகங்களையும் கருவிகளையும் புதிய தேவைக்குத் திருப்பியதே இந்த விரைவான வளர்ச்சிக்கு அடிப்படை.

விரிவாக்கம்

2009ஆம் ஆண்டின் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றுக்குப் பிறகு, மருத்துவக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் வைரஸ் நோயறி ஆய்வகங்கள் உருவாக்கப்பட்டன. கோவிட் பரிசோதனை முதலில் இவற்றுக்கே விரிந்தது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள, 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிலையம் முன்னோடியாக இருந்தது. தனியார் ஆய்வகங்களுக்கு 2020 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அப்போதைய கட்டண உச்சவரம்பு 4,500 ரூபாய்.

பணிமுறை

முதன்மைச் சோதனை ஆர்டி-பிசிஆர். மூக்கு, தொண்டையில் எடுத்த சளி மாதிரியைக் குளிர்நிலையில் கொண்டுவந்து, அதிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குவார்கள். ஒரு மாதிரியின் துகள் இன்னொன்றில் கலந்தாலும் முடிவு பிழையாகிவிடும். எனவே வேதிப்பொருள் தயாரிப்பு, ஆர்என்ஏ பிரிப்பு, பெருக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் தேவை. கருவி வாங்குவதோடு, இந்த ஒழுங்கில் ஆய்வக நுட்புநர்களைப் பயிற்றுவிப்பதும் விரிவாக்கத்தின் முக்கியப் பகுதியாயிற்று.

காசநோய்க்காகப் பயன்பட்ட ட்ரூநாட் கருவியைக் கோவிட் பரிசோதனைக்கும் பயன்படுத்த 2020 ஏப்ரலில் ஐசிஎம்ஆர் இசைந்தது. பேட்டரியில் இயங்கும் இச்சிறு கருவி பெரிய ஆய்வகம் இல்லாத ஊர்களுக்கும் உதவியது. மாதிரியைக் கலக்கும் திரவம் வைரஸைச் செயலிழக்கச் செய்ததால், பணியாளர்களுக்குத் தொற்று அபாயமும் குறைந்தது.

கூட்டுப் பரிசோதனை

தொற்று விகிதம் 2 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதிகளில், ஐந்து மாதிரிகள் வரை ஒன்றாகக் கலந்து சோதிக்க 2020 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது. கலவையில் வைரஸ் இல்லையெனில் ஐவருக்கும் தொற்றில்லை. இருந்தால் ஒவ்வொரு மாதிரியும் தனியே சோதிக்கப்படும். நூறு பேரில் இருவருக்குத் தொற்று இருந்தால், 20 கூட்டுச் சோதனைகளும் அதிகபட்சம் 10 தனிச் சோதனைகளும் போதும். தொற்று பெருகினால் இந்தச் சிக்கனம் மறைந்துவிடும். சிப்பாய்களிடம் சிபிலிஸைக் கண்டறிய அமெரிக்கரான ராபர்ட் டார்ஃப்மன் 1943இல் முன்வைத்த முறை இது.

வேகமும் நம்பகமும்

சீனாவிலிருந்து வாங்கிய சில விரைவு ஆன்டிபாடி கிட்களின் முடிவுகள் பெரிதும் மாறுபட்டதால், ஏப்ரல் இறுதியில் அவை நிறுத்தப்பட்டன. ஜூனில் அனுமதி பெற்ற ஆன்டிஜென் சோதனை அரை மணிக்குள் முடிவு தந்தாலும் தொற்றைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே அறிகுறி உள்ளவருக்குத் தொற்றில்லை என்று வந்தால் ஆர்டி-பிசிஆர் கட்டாயமாக்கப்பட்டது. ஆகஸ்ட் 21இல் ஒருநாள் பரிசோதனை 10 லட்சத்தைத் தாண்டியது.

விளைவுகள்

ஊரடங்கோடு, ஆய்வகங்களும் பணியாளர்களும் கோவிட் பக்கம் திரும்பியதும் பிற நோயாளிகளைப் பாதித்தன. நாட்டில் பதிவான காசநோயாளிகள் 2019இல் சுமார் 24 லட்சம். 2020இல் சுமார் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டறிதலே குறைந்தது. பெருந்தொற்றுக்கான திட்டம் வழக்கமான பரிசோதனைகளையும் காக்க வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான சான்று.

தொற்றைக் கண்டறிவதோடு நில்லாமல், வைரஸின் திரிபுகளையும் கண்காணிக்க 2020 டிசம்பரில் 10 ஆய்வகங்களுடன் இன்சாகாக் கூட்டமைப்பு உருவானது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சென்னையில் தனக்கென மரபணுப் பகுப்பாய்வுக் கூடத்தைத் திறந்தது.