பிரிட்டானியா இரண்டான கதை

பேர்லேண்ட் என்றால் நமக்கு மீனாட்சி கோயில். அங்கிருந்து காரில் அரை மணி நேரம் கிழக்கே போனால் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் வந்துவிடும். 'அவதார்' என்ற நம் சொல்லைக் கணினி விளையாட்டுக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவரான ரிச்சர்ட் காரியட் வளர்ந்தது அந்த வட்டாரத்தில்தான்.

தந்தை ஓவன் காரியட், 1973இல் ஸ்கைலாபில் தங்கிய விண்வெளி வீரர். மகன் பள்ளியிலிருந்த டெலிடைப்பில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பாணியில் 28 விளையாட்டுகள் எழுதிப் பழகினார். பிறகு எழுதிய 'அகலபெத்', அவர் வேலை பார்த்த கணினிக் கடையில் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கப்பட்டது. அதன் தொடர்ச்சிதான் 'அல்டிமா'.

முதல் மூன்று அல்டிமாக்களில் வெல்வதுதான் குறி. திருடினாலும் கொன்றாலும் கேள்வியில்லை. 1985இல் வந்த நான்காவதில் காரியட் விதியை மாற்றினார். வீழ்த்தவேண்டிய அரக்கர் தலைவன் யாரும் அதில் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் தேறி அவதார் ஆகவேண்டும். மந்திரத்துக்கான மூலிகைச் சரக்கு விற்பவருக்குக் கண் தெரியாது. காசைக் குறைத்துக் கொடுக்கலாம், அவர் ஏதும் சொல்லமாட்டார். ஆனால் வாய்மைக் கணக்கில் அது பதிவாகிவிடும். நம் மரபில் அவதாரம் என்பது இறைவன் இறங்கி வருவது. காரியட்டிடம் அது மனிதன் ஏறிப்போவது.

தனியாக ஆடும்வரை இது செல்லுபடியானது. 1997இல் 'அல்டிமா ஆன்லைன்' வந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே பிரிட்டானியாவுக்குள் நுழைந்தார்கள். இரையும் வேட்டை விலங்குமாக ஓர் உணவுச் சங்கிலியையே உருவாக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்றுதீர்க்க, அந்த ஏற்பாட்டையே கைவிட வேண்டியதாயிற்று. சோதனைக் காலத்தில் காரியட்டின் சொந்தப் பாத்திரமான லார்ட் பிரிட்டிஷையே ஓர் ஆட்டக்காரர் தீயிட்டுக் கொன்றார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில் இணைய ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்து எழுதியிருந்தார்: சாதிக்க வருபவர், துருவிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். கோயிலுக்கும் பலர் பலவற்றுக்காக வருகிறோம். ஒருவருக்கு அர்ச்சனை, ஒருவருக்குத் தோசை, இன்னொருவருக்கு ஊர்க்காரரைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவது. தோசைக்கு வந்தவரால் அர்ச்சனைக்கு வந்தவருக்கு நட்டமில்லை. பார்ட்டிலின் நான்காம் வகையோ இன்னொருவர் இழந்தால்தான் மகிழும்.

2000இல் பிரிட்டானியாவை இரண்டாக்கி, அதன் இரு நிலாக்களின் பெயரையே வைத்தார்கள். ஃபெலூக்காவில் பழைய விதி தொடர்ந்தது. ட்ராமலில் விரும்பாதவரைத் தாக்க முடியாது. பெரும்பாலோர் ட்ராமலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆபத்தில்லாத ஊரில் வீரத்துக்கு என்ன மதிப்பு என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஏமாற்ற வழி இருந்ததால்தான் மூலிகைக் கடையில் வாய்மைக்குப் பொருள் இருந்தது. ஆனால் அங்கே ஏமாந்தது வெறும் நிரல். ஃபெலூக்காவில் பறிகொடுத்தவர், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆட உட்கார்ந்த மனிதர். அவருக்கும் போக ஓர் ஊர் வேண்டும். பிரித்தது சரிதான் என்பேன்.