போபால்: பேகம்கள் வளர்த்த நகரமும் நியாயம் கிடைக்காத மக்களும்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு மறுநாள் வரும் பெரிய நிலையம் போபால். தேவ்பந்த், லக்னோ, நிஜாமுத்தீன் என்று வடக்கே ஓதப் போனவர்களும் ஜமாஅத்தில் போனவர்களும் அந்த நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்திருப்போம். வண்டி கிளம்பியதும் யாராவது ஒருவர், "இங்கேதான் விஷவாயு கசிந்தது" என்பார். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிவது குறைவு.

போபாலின் வரலாறு 1984-ல் தொடங்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான இந்த நகரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். ஒரு நகரம் எப்படி வளர்கிறது, அந்த வளர்ச்சி யாருக்குப் போய்ச் சேருகிறது, யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் போபாலில் பதில் இருக்கிறது.

ஏரிகளின் ஊர்

போபாலின் பெரிய ஏரியை 11-ஆம் நூற்றாண்டில் பரமார வம்சத்து மன்னர் போஜன் வெட்டியதாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி அது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோஸ்த் முஹம்மது கான் என்ற ஆப்கானிய வீரர் இப்பகுதியில் தம் ஆட்சியை நிறுவினார். அதற்கு முன் இங்கே ஆண்டவர் கோண்டு அரசி ராணி கமலாபதி. போபாலின் ஹபீப்கஞ்ச் ரயில் நிலையத்துக்கு 2021-ல் அவர் பெயரைத்தான் சூட்டினார்கள். பெரிய ஏரிக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஏரி 1794-ல் நவாபின் அமைச்சர் சோட்டே கான் காலத்தில் உருவானது. இரண்டு ஏரிகளும் சேர்ந்த போஜ் ஈரநிலம் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று கோலார் அணையிலிருந்தும் நர்மதையிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் நகரின் ஒரு பகுதி இன்னும் பெரிய ஏரியின் நீரைத்தான் குடிக்கிறது. கரையை ஒட்டிய ஆக்கிரமிப்பும், ஏரியில் கலக்கும் கழிவுநீரும், சுற்றுப்புற வயல்களிலிருந்து வரும் உரமும் அந்த ஏரியின் இன்றைய நோய்கள். நம் ஊர்க் கண்மாய்களையும் குளங்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு பேகம்கள்

1819-ல் நவாப் நஸர் முஹம்மது கான் திடீரென இறந்தபோது அவர் மனைவி குத்ஸியா பேகத்துக்கு வயது பதினெட்டு. கைக்குழந்தையான மகளின் பெயரில் ஆட்சிப் பொறுப்பை அவர் ஏற்றார். அதிலிருந்து 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, போபாலைப் பெண்களே ஆண்டார்கள். குத்ஸியா பேகம், அவர் மகள் சிக்கந்தர் பேகம், பேத்தி ஷாஜஹான் பேகம், கொள்ளுப்பேத்தி சுல்தான் ஜஹான் பேகம் என்று அது தொடர்ந்தது.

அவர்கள் பணத்தை எதில் போட்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. குத்ஸியா பேகம் ஜாமிஆ மஸ்ஜிதைக் கட்டினார். அதோடு நிற்காமல், நகரத்தாருக்குக் கட்டணமில்லாமல் தண்ணீர் கிடைக்க நீர்நிலையம் அமைத்தார். மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் செயல் நம் எல்லோருக்கும் தெரியும். அதே வழியில் ஓர் ஆட்சியாளர் நடந்ததன் அடையாளம் இது. பம்பாயையும் டெல்லியையும் இணைக்கும் ரயில் பாதை போபால் வழியாக வருவதற்கு குத்ஸியா பேகமும் ஷாஜஹான் பேகமும் நிதி கொடுத்தார்கள். இன்று நம் வண்டி அந்த ஊரில் நிற்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம்.

சிக்கந்தர் பேகம் நிர்வாகத்தைச் சீர்செய்தார், பள்ளிகளைத் திறந்தார், மோதி மஸ்ஜிதைக் கட்டினார். 1863-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போய்வந்து, அந்தப் பயணத்தைப் பற்றி நூல் எழுதினார். ஷாஜஹான் பேகம் தாஜுல் மஸாஜிதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் 1889-ல் எழுந்த பள்ளிவாசல் அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. அதற்கும் அவர் பொருளுதவி செய்தார். சுல்தான் ஜஹான் பேகம் பெண் கல்விக்கும் தாய்சேய் நலத்துக்கும் தம் ஆட்சிக்காலம் முழுவதும் உழைத்தார். 1920-ல் அலிகர் முஸ்லிம் கல்லூரி பல்கலைக்கழகமானபோது அதன் முதல் வேந்தர் அவர்தான். முஸ்லிம் பெண் படிக்கலாமா என்று நம் ஊர்களில் இன்னும் சிலர் கேட்கும்போது, நூறாண்டுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக இருந்த முஸ்லிம் பெண்ணை நாம் நினைவுபடுத்தலாம்.

பணப் பற்றாக்குறையால் பாதியில் நின்ற தாஜுல் மஸாஜித் பணி, மௌலானா முஹம்மது இம்ரான் கான் நத்வி அவர்களின் முயற்சியால் 1971-ல் மீண்டும் தொடங்கி 1985-ல் நிறைவடைந்தது. இந்த முறை அரசரின் கருவூலம் இல்லை. பொதுமக்களின் நன்கொடைதான் இருந்தது.

தலைநகரானதும் இரண்டான நகரம்

1949 ஜூன் 1-ல் போபால் சமஸ்தானம் இந்திய அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ல் புதிய மத்தியப் பிரதேசம் பிறந்தபோது ஜபல்பூர், இந்தூர், குவாலியர் ஆகியவற்றை விட்டுவிட்டு போபாலைத் தலைநகராக்கினார்கள். உயர் நீதிமன்றம் ஜபல்பூருக்குப் போனது.

பிறகு நகரம் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. ஏரிகளுக்குத் தெற்கே செயலகம், அமைச்சர் பங்களாக்கள், அகலமான சாலைகள் எல்லாம் வந்தன. வடக்கே பழைய நகரம், அதன் சவுக் பஜார், குறுகிய சந்துகள், ஜர்தோசி வேலைக்காரர்கள், மணி கோத்த சுருக்குப் பைகள் செய்யும் குடும்பங்கள் இருந்தன. கடை வாசலில் கிடக்கும் கல் பலகைகளில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து உப்பு போட்ட தேநீரோடு உலக விவகாரம் பேசுவது அந்தப் பழைய நகரத்தின் வழக்கம். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த அகதிகள் மேற்கே பைராகரில் குடியேறி, அதைப் பெரிய துணிச் சந்தையாக்கினார்கள்.

தொழில் வளர்ச்சிக்கு முதல் அடித்தளம் பொதுத்துறை. 1956-ல் தொடங்கிய ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் நிறுவனத்தின் ஆலையை 1960-ல் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். பிற்பாடு அது பெல் நிறுவனத்தோடு இணைந்தது. திருச்சி திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் ஆலையைச் சுற்றி ஒரு நகரியம் வளர்ந்ததைப் பார்த்தவர்கள் போபாலையும் எளிதில் புரிந்துகொள்ளலாம். அங்கே நீர்மின் விசையாழிகளும் மின்மாற்றிகளும் செய்கிறார்கள். ஆலையைச் சுற்றி குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை வந்தன. பக்கத்திலுள்ள கோவிந்தபுராவில் சிறுதொழில்கள் முளைத்தன. நகருக்குத் தெற்கே மண்டிதீப் தொழிற்பேட்டை பிறகு வந்தது.

டிசம்பர் 2, 1984 இரவு

இதே காலத்தில் பழைய நகரத்தின் வடக்கே, ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலை வந்தது. 1969-ல் தொடங்கிய அந்த ஆலையைச் சுற்றி ஏழைகளின் குடியிருப்புகள் இருந்தன. ஆபத்தான தொழில்களை நகரத்துக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும் என்று 1975-ல் வந்த நகர வளர்ச்சித் திட்டம் சொன்னது. ஆலை அசையவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982-லிருந்தே அந்த ஆலையின் ஆபத்தைப் பற்றி எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை.

டிசம்பர் 2 நள்ளிரவில் தண்ணீர் கலந்த ஒரு தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் கருவியைச் செலவு மிச்சம் என்று முன்பே நிறுத்தியிருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாலே பாதிப்பு குறைந்திருக்கும். அதை மக்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஓடியவர்கள் அதிகமாக மூச்சு வாங்கினார்கள்.

அந்த இரவில் ரயில் நிலையத் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நேரத்துக்கு முன்பே ஒரு வண்டியை அனுப்பி, வரும் வண்டிகளைத் தடுத்து, தம் வீட்டை நினைக்காமல் நிலையத்திலேயே நின்றார். வாழ்நாள் முழுதும் அந்த வாயுவின் பாதிப்போடு இருந்து 2003-ல் காலமானார்.

உடனடியாக இறந்தவர்கள் என்று அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை 2,259. மாநில அரசு பிறகு அதை 3,787 ஆக்கியது. பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. காயமுற்றவர்கள் 5,58,125 பேர். நகரின் 56 வார்டுகளில் 36 பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன.

1989-ல் 47 கோடி டாலருக்கு நிறுவனமும் அரசும் சமரசம் செய்துகொண்டன. காயமுற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய், பிறகு இன்னொரு 25,000. வாழ்நாள் நோய்க்கு அதுதான் விலை. மருத்துவச் சீட்டு இல்லாதவர், இறந்தவரின் பெயர் எங்கும் பதிவாகாதவர் ஆகியோர் அதற்கும் அலைய வேண்டியிருந்தது. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான், நாற்பது ஆண்டு கழித்து, பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே அதை எரிக்கக் கூடாது என்று அவ்வூர் மக்கள் போராடினார்கள். ஆலையைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் சுத்தமாகவில்லை.

தர்மம் வேண்டாம், வேலை வேண்டும்

போபாலில் நாம் அதிகம் கற்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அப்துல் ஜப்பார் அந்த வாயுவால் தாய், தந்தை, அண்ணன் ஆகியோரை இழந்தவர். அவருடைய கண்ணும் நுரையீரலும் கெட்டன. பாதிக்கப்பட்ட பெண்களைச் சேர்த்து அவர் ஓர் அமைப்பை உருவாக்கினார். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சனிக்கிழமைதோறும் பூங்காவில் கூடினார்கள். தர்மம் வேண்டாம், வேலை வேண்டும் என்பது அவர்களுடைய முழக்கம். ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தையலும் ஜர்தோசியும் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணத்துக்குக் கை நீட்டிய பெண் தன் கையால் சம்பாதிக்கத் தொடங்கினாள். உதவி கேட்டு வந்தவரிடம் கோடரியைக் கொடுத்து விறகு வெட்டி விற்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை மேடையில் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அவர் அதைச் செய்துகாட்டினார். 2019 நவம்பரில் வறுமையிலேயே காலமானார். பத்மஸ்ரீ விருது அதற்குப் பிறகுதான் வந்தது.

ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா ஆகிய இருவரும் இதே வரிசையில் வருபவர்கள். 2004-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்ற இருவரும், அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார்கள்.

இன்றைய போபால்

நாட்டின் தூய்மை நகரங்கள் பட்டியலில் 2017, 2018 இரு ஆண்டும் போபால் இரண்டாமிடம் பெற்றது. ஏறத்தாழ 24 கிலோமீட்டருக்குப் போட்ட தனிப் பேருந்துப் பாதை மட்டும் பத்தாண்டில் தோல்வி என்று முடிவாகி, 2024-ல் இடிக்கத் தொடங்கினார்கள். நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கும் இது கவனிக்க வேண்டிய ஊர். தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், ஐசர், தேசியத் தொழில்நுட்பக் கழகமான மானிட், எய்ம்ஸ் ஆகிய நான்கும் அங்கே உண்டு. நுழைவுத்தேர்வு எழுதும் மாணவர்கள் இவற்றையும் விருப்பப் பட்டியலில் வைக்கலாம்.

நமக்கு என்ன?

போபாலை அடுத்தவர் ஊர்க் கதையாகப் படித்துவிட்டுப் போக முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தார் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருக்கிறார்கள். பாலாறு கெட்டதைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவைத் தர வேண்டும் என்றது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே மாண்டார்கள். ஆகவே பாதிக்கப்பட்டவர் பக்கம் மட்டும் நின்று பேசினால் போதாது. தொழில் நடத்துகிறவர்களும் இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தானும் கெடுதிக்கு ஆளாகாமல் பிறருக்கும் கெடுதி செய்யாமல் வாழ்வது மார்க்கத்தின் அடிப்படை விதி.

போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆலையில் உள்ள ஆபத்தைச் சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. பல வகைப் பெரிய ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நம் ஜமாஅத் நிர்வாகிகள் எத்தனை பேர் போகிறார்கள்? ஊரில் எந்த ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் விளக்கினால் என்ன? பிறப்பு, இறப்பு, மருத்துவப் பதிவுகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஏழைக் குடும்பங்களுக்கு உதவுவதும் மஹல்லாவின் வேலைதான். போபாலில் காகிதம் இல்லாதவருக்கு நியாயமும் இல்லாமல் போனது.

குத்ஸியா பேகம் தண்ணீர் கொடுத்தார், அப்துல் ஜப்பார் கைத்தொழில் கொடுத்தார். ஒருவர் அரசி, மற்றவர் ஏழை. இருவர் செய்ததும் நம் மஹல்லாக்களுக்கு எட்டாத காரியம் அல்ல. அல்லாஹ் நமக்கும் அதற்குரிய எண்ணத்தையும் ஆற்றலையும் தருவானாக. ஆமீன்.